துணி, துவைப்பு பற்றிய அன்றாடக் கான்டனீஸ் சொற்களை எப்படிப் படிப்பது?

செக்கிங் மேசை (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். என் கணவருக்கு ஹாங்காங்கில் வேலை கிடைத்திருப்பதால், தை பிறந்து சில வாரங்களில் நானும் ஏழு வயது மகளும் அங்கே போகிறோம். அவருடைய அலுவலகத்தில் ஆங்கிலமே போதுமாம். ஆனால் கடைக்குப் போவதும், பக்கத்து வீட்டாருடன் பேசுவதும், துணி வெளுக்கக் கொடுப்பதும் என் பொறுப்பாகத்தான் இருக்கும் என்பதால், கிளம்புவதற்கு முன்பே அங்கே பேசும் சீன மொழியான கான்டனீஸைக் கொஞ்சமாவது கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

துணி பற்றிய சொற்களிலிருந்து தொடங்கலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கையில் எடுத்துப் பார்த்துப் பழகிய பொருளுக்குப் புதுப் பெயர் கற்பது, பழகாத பொருளுக்குக் கற்பதைவிட எளிது என்பது என் எண்ணம். ஆறு வாரமாகக் கைப்பேசிச் செயலி ஒன்றில் படித்து வருகிறேன். அதில்தான் குழப்பம். உடைக்கு அந்தச் செயலி 'யி ஃபுக்' என்று சொல்லித் தருகிறது. ஆனால் ஹாங்காங் பெண்கள் வீட்டு வேலை செய்துகொண்டே பேசும் காணொளிகளில் அந்தச் சொல் ஒரு முறைகூட என் காதில் விழவில்லை. 'ஸாம்' என்றுதான் கேட்கிறது. மூன்று என்ற எண்ணுக்கும் அதே ஒலிதான் போலத் தெரிகிறது. போன வாரம் இணையவழிப் பயிற்சியில் அந்த ஊர்ப் பெண்மணி ஒருவரிடம் 'துணி துவைக்கிறேன்' என்று சொல்ல முயன்றேன். நான் எதையோ 'சிறியது' என்று சொல்வதாக அவர் புரிந்துகொண்டார். மூன்று முறை திருப்பிச் சொல்லியும் சரியாக வராததால் அன்று மிகவும் சோர்ந்துபோனேன்.

எந்தச் சொற்களை முதலில் படிக்க வேண்டும், நோட்டுப் புத்தகத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதுவதா தமிழில் எழுதுவதா, சீன எழுத்துகளையும் சேர்த்துப் படிக்க வேண்டுமா என்று, அங்கே இருந்தவர்களும் மொழி அறிந்தவர்களும் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தடப்பள்ளி வாய்க்கால் (கோபிசெட்டிபாளையம்)

அம்மிணி, உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் ஹாங்காங்கின் கவுலூனில் போய் இறங்கிய முதல் மாதம் நினைவுக்கு வந்தது. அங்கே பதினோரு ஆண்டுகள் குடும்பம் நடத்திவிட்டு, இப்போது கோபியில் இருக்கிறேன்.

முதலில் 'யி ஃபுக்' பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தவறான சொல் அன்று. எழுத்து மொழிக்கு உரிய சொல். நாம் 'ஆடை', 'உடை' என்று எழுதிவிட்டு வீட்டில் 'துணி' என்று பேசுவது போல, அவர்கள் ஏட்டில் 'யி ஃபுக்' என்று எழுதிவிட்டு வாயில் 'ஸாம்' என்பார்கள். எழுதுவது ஒன்றும் பேசுவது ஒன்றுமாக இருப்பது தமிழருக்குப் புதிதில்லை என்பதால், இதைக் கேட்டு நீங்கள் கலங்க வேண்டியதில்லை. வீட்டுக்குத் தேவையானது 'ஸாம்'. துணி துவைப்பது 'ஸை ஸாம்', துணி வாங்குவது 'மாய் ஸாம்', உடை மாற்றுவது 'வுன் ஸாம்'. ஒரு பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் வினையை மாற்றி மாற்றிப் போட்டுப் பழகுங்கள். தனிச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்து, அவசரத்துக்கு ஒன்றும் வாயில் வராமல் நான் தவித்திருக்கிறேன். வினையோடு சேர்த்துப் படித்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

ஒவ்வொரு சொல்லையும் எந்த ஏற்ற இறக்கத்தில் ஒலிப்பது என்னும் சுருதியைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதட்டும். நான் சொல்லுக்குப் பின்னால் சுருதி எண்ணை மட்டும் போட்டுக் காட்டுகிறேன். ஊறவைப்பது சம்3, துவைப்பது ஸை2, தண்ணீரில் அலசுவது க்வோ3 ஸொய்2, கொடியில் போடுவது லோங்6 ஸாம்1, வெயிலில் காயவைப்பது ஸாய்3 ஸாம்1, காய்ந்ததை எடுப்பது ஸவ்1 ஸாம்1, மடிப்பது சிப்3 ஸாம்1, இஸ்திரி போடுவது த்ஹோங்3 ஸாம்1. கொடியில் போடுவதற்கும் வெயிலில் காயவைப்பதற்கும் தனித்தனிச் சொல் எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. தடப்பள்ளி வாய்க்கால் படியில் துவைத்து, கரையிலேயே விரித்துப் போட்டு, ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று எடுத்து வந்து பழகியவள் நான். அங்கே பல வீடுகளில் வெயில் எட்டிப் பார்க்காது. கொடியில் போடலாம், ஆனால் அது வெயிலில் காய்வதாகாது. நான் இருந்த நாட்களில் பழைய அரசுக் குடியிருப்புகளில், சன்னலுக்கு வெளியே சுவரில் பதித்த குழாய்களில் மூன்று மூங்கில் கழிகளைச் செருகித் துணியை நீட்டிவிடுவார்கள். சாமிக்கு ஏற்றி வைத்த ஊதுபத்தி போல அது தெரிவதால் 'ஸாம்1 சி1 ஹியோங்1', அதாவது மூன்று ஊதுபத்தி, என்றே அதற்குப் பெயர். பத்தாவது மாடியிலிருந்து ஈரத்துணி மாட்டிய கழியை வெளியே நீட்டும்போது முதல் நாள் எனக்குக் கை நடுங்கியது.

நீங்கள் போகிற நேரத்தையும் கவனத்தில் கொள்ளுங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, தெற்கிலிருந்து ஈரக்காற்று வந்து, சுவரும் தரையும் வியர்த்துத் தண்ணீர் கோத்து நிற்கும் நாட்கள் உண்டு. 'வுய்4 நாம்4 த்ஹின்1' என்பார்கள். அந்த நாட்களில் துணி காயவே காயாது. பீரோவுக்குள் இருக்கும் பட்டுச் சேலையில்கூடப் பூஞ்சணம் பிடிக்கும். அதற்கு 'ஃபாத்3 முய்4' என்று பெயர். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் 'ச்ஹவ்1 ஸப்1 கெய்1'. இந்தச் சொல் எந்தச் செயலியிலும் முதல் பாடத்தில் வராது. உங்களுக்கோ முதல் மாதமே வேண்டியிருக்கும்.

வெளுப்புக் கடையில் எடைக்குத்தான் காசு. பையைத் தராசில் வைத்து இத்தனை 'போங்6' என்பார்கள். அது பவுண்டு, நம் கணக்கில் 454 கிராம். நம்மூரில் உருப்படி எண்ணிக் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் வித்தியாசமாகத் தோன்றும். எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கு 'கெய்2 ஸி4 லோ2 தக்1', எவ்வளவு பணம் என்பதற்கு 'கெய்2 தோ1 ச்ஹின்2'. இதைக் கையால் துவைக்க வேண்டும் என்பதை 'நி1 கின்6 யியூ3 ஸவ்2 ஸை2, ம்4 கோய்1' என்று சொல்லுங்கள். கடைசியில் வரும் 'ம்4 கோய்1' ஒருவர் நமக்குச் செய்யும் வேலைக்கு நன்றி சொல்வது. தயவுசெய்து என்பதற்கும் அதுவே. யாராவது ஒரு பொருளைப் பரிசாகக் கொடுத்தால் இதைச் சொல்லக்கூடாது, 'தோ1 சே6' என்று சொல்ல வேண்டும். மற்ற எந்தச் சொல் மறந்தாலும் இந்த இரண்டையும் மறக்காதீர்கள்.

ஈரோட்டு ஆசிரியர்

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒலியியலில் ஆர்வம் உண்டு. என் மகன், கான்டனீஸ் வழங்கும் சீன நகரமான குவாங்சோவில் பணிபுரிந்தபோது அங்கே தங்கிய மாதங்களில் இந்த மொழியைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். சகோதரி கேட்ட கேள்விகளில் மிக முக்கியமானது, ஆங்கில எழுத்தில் எழுதுவதா தமிழில் எழுதுவதா என்பதுதான் என்று நான் கருதுகிறேன். தமிழில் எழுதுங்கள். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஹாங்காங் மொழியியல் கழகம் 1993இல் வகுத்த யூத்பிங் என்னும் ரோமன் எழுத்துமுறைதான் செயலிகளிலும் அகராதிகளிலும் பெரும்பாலும் பயன்படுகிறது. நல்ல முறை அது. சுருதி எண்களை அதிலிருந்து கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் காணும் ஜி, டி, பி என்னும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்ததும் நாம் 'கங்கை'யின் இரண்டாம் ககரம் போல அதிர்வோடு ஒலித்துவிடுகிறோம். கான்டனீஸில் சொல் முதலில் அப்படிப்பட்ட அதிர்வு கிடையாது. அங்கே உள்ள வேறுபாடு மூச்சு விடுவதிலும் விடாமலிருப்பதிலும்தான். மூச்சு விடாத ஒலி எது தெரியுமா? 'கல்', 'தண்ணீர்', 'பல்' என்று சொல் முதலில் நாம் ஒலிக்கும் அதே க, த, ப. பிறந்ததிலிருந்து நம் நாவில் இருப்பதை ஆங்கில எழுத்தின் வழியாகப் போய் இழக்கக்கூடாது. மூச்சோடு வருவதை மட்டும் புதிதாகப் பழக வேண்டும். அதை 'க்ஹ', 'த்ஹ', 'ச்ஹ' என்று எழுதிக்கொள்ளலாம். மேலே கோபி அம்மையாரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். தனி 'ச' என்று எழுதுவதைப் 'பச்சை'யில் வரும் சகரம் போல ஒலித்தால் போதும்.

சோதித்துப் பார்க்க உங்கள் செக்கிங் மேசையிலேயே கருவி இருக்கிறது. ஒரு நூல் பிசிறை விரலில் பிடித்து உதட்டுக்கு அரை சாண் முன்னால் தொங்கவிடுங்கள். பாவாடைக்குரிய 'க்ஹ்வன்4' என்று சொல்லும்போது பிசிறு பறக்க வேண்டும். சட்டையை எண்ணும்போது வரும் 'கின்6' என்று சொன்னால் அது அசையக் கூடாது.

அடுத்தது குறில் நெடில். அவர்கள் மொழியில் 'ஸம்1' என்றால் இதயம், 'ஸாம்1' என்றால் சட்டை. 'ஸை2' என்றால் துவைத்தல், 'ஸாய்3' என்றால் வெயிலில் காயவைத்தல். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் இந்த வேறுபாட்டைக் கேட்கவே பல வாரம் எடுத்துக்கொள்கிறார். 'படம்', 'பாடம்' என்று பிரித்துக் கேட்கும் நமக்கு அது முதல் நாளே கேட்டுவிடும். அதேபோல, சொல் முதலில் ஙகரம் வருவது தமிழில் அரிது என்று இலக்கணம் படித்தோம். ஆனால் கொங்கு நாட்டில் 'ஙொப்பன்', 'ஙொம்மா' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்காதவர் உண்டா? அந்த ஒலியே அவர்களுடைய 'ஙோ5'. 'நான்' என்று பொருள். மற்ற ஊரார் திணறும் இடத்தை நாம் சிரமமின்றிக் கடந்துவிடலாம்.

நம் பழக்கம் நமக்கு எதிராக நிற்கும் இடமும் ஒன்று உண்டு. 'பேக்' என்பதைப் 'பேக்கு' என்றும், 'கப்' என்பதைக் 'கப்பு' என்றும் வல்லினத்துக்குப் பின் குற்றியலுகரம் சேர்த்து முடிப்பது நம் இயல்பு. ஈரம் என்பதற்குரிய 'ஸப்1' என்ற சொல்லை அப்படி முடித்தால் அவர்களுக்குப் புரியாது. உதட்டை மூடுங்கள், மூடியபடியே நிறுத்துங்கள், திறக்காதீர்கள். காலுறைக்குரிய 'மத்6' என்பதில் நாக்கு பல்லைத் தொட்டு அங்கேயே நிற்க வேண்டும்.

சுருதி ஆறு. ஒன்று உயர்ந்து நேராக நிற்பது. இரண்டு கீழிருந்து உயர ஏறுவது. மூன்று நடுவில் நேராக நிற்பது. நான்கு தாழ்ந்து இறங்குவது. ஐந்து தாழ்விலிருந்து சிறிதே ஏறுவது. ஆறு மூன்றைவிடச் சற்றுத் தாழ்வாக நேராக நிற்பது. இதைப் பழகத் துணியிலிருந்தே ஒரு சொல் தருகிறேன். ஃபூ1 கணவன், ஃபூ2 கசப்பு, ஃபூ3 கால்சட்டை, ஃபூ4 தாங்கிப் பிடித்தல், ஃபூ5 மணமான பெண், ஃபூ6 தந்தை. ஆறையும் காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை உரக்கச் சொல்லுங்கள். 'நம் மொழியில் சுருதி இல்லையே' என்று தயங்க வேண்டாம். 'ம்' என்ற ஒரே ஒலியை வைத்துக்கொண்டு நாம் கேட்கிறோம், ஒப்புக்கொள்கிறோம், மறுக்கிறோம், கதை கேட்கும்போது உம் கொட்டுகிறோம். அந்தக் காதுதான் இங்கேயும் வேலை செய்யப்போகிறது.

பயிற்சியில் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் இப்போது விளங்கும். 'ஸை2' என்று ஏற்ற வேண்டியதை நீங்கள் 'ஸை3' என்று நேராக நிறுத்தியிருப்பீர்கள். அதற்குச் சிறியது என்றுதான் பொருள். 'ஸை1' என்று உயர்த்திச் சொல்லியிருந்தால் மேற்குத் திசை ஆகியிருக்கும். அந்தப் பெண்மணி உங்கள் பேச்சைச் சரியாகவே கேட்டிருக்கிறார். அவருக்குக் கேட்கும் அளவுக்கு உங்கள் மெய்யும் உயிரும் சரியாக இருந்திருக்கின்றன. சுருதி மட்டும்தான் பாக்கி என்பதால் சோர்வடையத் தேவையே இல்லை.

நூல்கண்டு (அவிநாசி)

ஆசிரியர் ஐயா எழுதியதற்கு மேல் ஒலியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. துணி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக ஹாங்காங்குக்கு அடிக்கடி போய் வருகிறவன் என்ற முறையில், கடையில் தேவைப்படுவதை எழுதுகிறேன்.

அந்த மொழியில் எண்ணையும் பொருளையும் நேரடியாக ஒட்ட முடியாது. நடுவில் ஓர் அளவைச் சொல் வர வேண்டும். நாம் 'ரெண்டு உருப்படி சட்டை', 'ஒரு ஜோடி செருப்பு', 'ஒரு முழம் பூ' என்கிறோமே, அந்த முறைதான். ஆனால் அங்கே எல்லாப் பொருளுக்கும் அது கட்டாயம். மேல் உடைக்குக் 'கின்6'. நீண்டு தொங்குகிற கால்சட்டைக்கும் பாவாடைக்கும் 'த்ஹியூ4'. செருப்புக்கும் காலுறைக்கும் ஜோடி என்ற பொருளில் 'தொய்3', ஒற்றைக்குச் 'செக்3'. தொப்பிக்குத் 'தெங்2'. பொத்தானுக்கு 'நப்1', ஏனெனில் அது மணி போலச் சிறிய உருண்டைப் பொருள்களை எண்ணும் சொல். மூன்று சட்டை என்றால் 'ஸாம்1 கின்6 ஸாம்1'. சகோதரி குழம்பிய மூன்றும் சட்டையும் ஒரே சுருதிதான். நடுவில் 'கின்6' நிற்பதால் எது எண், எது துணி என்று யாருக்கும் ஐயம் வராது. அளவைச் சொல் எதற்கு என்ற கேள்விக்கு இந்த ஒரு தொடரே விடை என்று நான் நினைப்பதுண்டு.

அணிவதற்கும் ஒரே வினை போதாது. நாம் சட்டை போடுகிறோம், சேலை கட்டுகிறோம், கண்ணாடி மாட்டுகிறோம். அவர்கள் துணிக்கும் செருப்புக்கும் 'சியோக்3' என்பார்கள், தொப்பி, கண்ணாடி, கைக்கடிகாரம், மோதிரம் ஆகியவற்றுக்குத் 'தாய்3', கழுத்துப்பட்டைக்குத் 'தா2'. 'சியோக்' என்பதில் வரும் உயிரொலி நம்மிடம் இல்லை. உதட்டை 'ஓ' என்று குவித்துக்கொண்டு நாக்கால் 'ஏ' சொன்னால் அருகில் வந்துவிடும்.

துறைமுக நகரம் என்பதால் வெளிநாட்டுச் சொற்கள் ஏராளம். சட்டை என்னும் பொருளுள்ள ஆங்கிலச் 'ஷர்ட்' அங்கே 'ஸொத்1' ஆகிவிட்டது; காலர் வைத்த சட்டை 'ஸொத்1 ஸாம்1', டீ-ஷர்ட் 'த்ஹீ1 ஸொத்1'. கம்பளிச் சட்டை 'லாங்1 ஸாம்1'. இது பிரெஞ்சு மொழியில் கம்பளியைக் குறிக்கும் 'லேன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. குளிருக்குரிய 'லாங்5' என்ற சொல்லோடு எழுத்து ஒன்றாக இருப்பதால், குளிருக்குப் போடுவதால்தான் அந்தப் பெயர் என்று நானும் பல நாள் நினைத்திருந்தேன். சுருதியைக் கவனித்தால்தான் இரண்டும் வேறு என்பது தெரியும். அவர்களிடமிருந்து வெளியே போன சொல்லும் உண்டு. ஆங்கிலத்தில் 'சியோங்சாம்' என்று அழைக்கப்படும் நீண்ட அங்கி, 'ச்ஹியோங்4 ஸாம்1' என்பதுதான்; நீளத் துணி என்பது நேர்ப்பொருள். ஆண்களின் தொளதொள உள்காற்சட்டைக்கு 'மா1 யின்1 த்ஹுங்1', அதாவது இரட்டைப் புகைபோக்கி என்று பெயர். நம் திருப்பூர்ப் பனியனுக்கு நெருங்கியது 'தை2 ஸாம்1', உள்ளே போடுவது. கையில்லாததைப் 'புய்3 ஸம்1' என்பார்கள்.

ஷாம் ஷுய் போ பகுதிக்கு ஒரு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள். யூ சாவ் தெருவில் பாசிமணி, நாம் சியோங் தெருவில் ரிப்பனும் லேசும், கீ லுங் தெருவில் பொத்தானும் துணியும் என்று வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. திருப்பூரில் வேலை பார்த்த கண்ணுக்கு அதைப் பார்க்கத் தெவிட்டாது. அந்தத் தெரு ஒன்றில்தான் பல ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. பொத்தான் வாங்க வந்திருக்கிறேன் என்று சொல்ல எண்ணி, 'மாய்5' என்று ஏற்ற வேண்டியதை 'மாய்6' என்று தாழ்த்தி நேராகச் சொல்லிவிட்டேன். முன்னது வாங்குவது, பின்னது விற்பது. கடைக்காரர் கையை அசைத்து, தங்களுக்குச் சரக்கு தேவையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த கடையில் கணக்குக் கருவியும் கையசைப்பும் வைத்து வாங்கிக்கொண்டு வந்தேன். விடுதிக்கு வந்து அன்று இரவு அந்த இரண்டு சொல்லையும் நூறு முறையாவது சொல்லிப் பார்த்திருப்பேன்.

துணிக்கடையில் கேட்க வேண்டியவை இரண்டு. போட்டுப் பார்க்கலாமா என்பதற்கு 'ஹோ2 ம்4 ஹோ2 யி5 ஸி3 ஸன்1'. துவைத்தால் சுருங்குமா என்பதற்கு 'வுய்5 ம்4 வுய்5 ஸுக்1 ஸொய்2'. நடுவில் உள்ள 'ம்4' இல்லை என்பதைக் குறிக்கும். 'சுருங்குமா சுருங்காதா' என்று நாம் அடுக்கிக் கேட்பது போலவே அவர்களும் கேட்கிறார்கள். சாயம் போவது 'லத்1 ஸிக்1'. பருத்தி 'மின்4', அதையே 'மின்6' என்று சொன்னால் உணவில் வரும் நூடுல்ஸ்.

செக்கிங் மேசை (திருப்பூர்)

அம்மா, ஐயா, அண்ணா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நூல் பிசிறுச் சோதனையை நேற்று இரவே செய்து பார்த்தேன். 'த்ஹோங்3' என்பதற்குப் பிசிறு பறந்தது; 'தொய்3' என்பதற்கும் கொஞ்சம் அசைந்துவிட்டது. என் மகள் சொன்னபோது சரியாக நின்றது. அவளும் ஆறு 'ஃபூ'வையும் பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே பள்ளிக்குப் போகிறாள்.

மொட்டை மாடிக் கொடியில் துணி போடும்போது வாய்விட்டுச் சொல்லி, பிறகு எழுதி வைத்த வரிகள் இவை. திருத்திக் கொடுங்கள். 'யி6 கின்6 ஸாம்1' இரண்டு சட்டை. 'யத்1 கின்6 க்ஹ்வன்4' ஒரு பாவாடை. 'லியோங்5 தொய்3 மத்6' இரண்டு ஜோடி காலுறை. 'ஸாம்1 மெய்6 கோன்1' துணி இன்னும் காயவில்லை.

சீன எழுத்து படிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை. பார்க்கும்போதே மலைப்பாக இருக்கிறது.

ஈரோட்டு ஆசிரியர்

எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். எழுதப் பழகுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அடையாளம் காண இப்போதே பழகலாம். துணித் துறையில் உள்ளவருக்கு அது அவ்வளவு மலைப்பான வேலையாக இராது. சட்டை, கால்சட்டை, பாவாடை, காலுறை, மேலங்கி, சட்டைக் கை ஆகிய எழுத்துகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றின் இடப்பக்கத்திலும் ஐந்து கோடுகளால் ஆன ஒரே உறுப்பு இருக்கும். அது உடையைக் குறிப்பது. அதைப் போலவே தோன்றி ஒரு புள்ளி குறைவாக, நான்கு கோடுகளோடு இருப்பது தெய்வ வழிபாடு சார்ந்த எழுத்துகளுக்கு உரியது. தையலில் ஒரு குத்து விடுபட்டிருந்தாலும் கண்டுபிடிக்கும் உங்கள் கண்ணுக்கு இந்தப் புள்ளி தப்பாது.

துவைத்தல், ஈரம், அழுக்கு, சுத்தம் ஆகிய எழுத்துகளில் இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள் இருக்கும். கொடியில் போடுவதற்கும் வெயிலில் காயவைப்பதற்கும் உரிய எழுத்துகளில் சூரியன் இருக்கிறது. சுருங்குதல், நூல், பட்டு, பின்னுதல் ஆகியவற்றில் நூற்கண்டைக் குறிக்கும் உறுப்பு வரும். எனக்கு மிகவும் பிடித்தது இஸ்திரிக்குரிய 'த்ஹோங்3': மேலே கொதிநீர், கீழே நெருப்பு. கடைப் பலகையிலும் சலவை இயந்திரப் பொத்தானிலும் உள்ள எழுத்து முழுவதும் தெரியாவிட்டாலும், துளி இருக்கிறதா, நெருப்பு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஹாங்காங்கில் வழங்குவது பழைய முழு எழுத்து. சீனப் பெருநிலத்தின் சுருக்க எழுத்தைச் செயலி காட்டினால், அமைப்பில் மாற்றிக்கொள்ளுங்கள்.

தடப்பள்ளி வாய்க்கால் (கோபிசெட்டிபாளையம்)

அம்மிணி, மகள் சொல்வது சரியாக இருந்தால் அவளையே உங்களுக்கு வாத்தியாராக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் காது கூர்மையானது.

உங்கள் வரிகளில் காலுறை மட்டும் அப்படியே சரி. இரண்டு என்று தனியாக எண்ணும்போது 'யி6'. அளவைச் சொல் பின்னால் வந்தால் 'லியோங்5' என்று சொல்ல வேண்டும். ஆகவே இரண்டு சட்டை 'லியோங்5 கின்6 ஸாம்1'. பாவாடைக்குக் 'கின்6' வராது, 'யத்1 த்ஹியூ4 க்ஹ்வன்4'. கடைசி வரி புரியும். ஆனால் கொடியில் கிடக்கும் பல துணிகளைச் சொல்வதால் முன்னால் 'தி1' சேர்த்துத்தான் பேசுவார்கள். 'தி1 ஸாம்1 மெய்6 கோன்1'.

இன்னொன்று. இளையவர்கள் 'நவ்2' என்ற பொத்தானை 'லவ்2' என்றும், 'ஙோ5' என்பதை வெறும் 'ஓ5' என்றும் சொல்வார்கள். அப்படிக் கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஙகரத்தோடே பேசுங்கள், பெரியவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி மழை தூறத் தொடங்கியதும் மாடிப்படியில் நின்று 'லோக்6 யூ5, ஸவ்1 ஸாம்1' என்று குரல் கொடுப்பார். மழை வருகிறது, துணியை எடுங்கள் என்று பொருள். அந்தக் குரல் கேட்டதும் கதவைத் திறந்து, 'ம்4 கோய்1' என்று சொல்லிவிட்டுச் சன்னலுக்கு ஓடுவேன். உங்கள் தளத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். போன முதல் வாரத்திலேயே கதவைத் தட்டி வணக்கம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.